தவிர்ப்பா, தப்புகையா, ஏய்ப்பா?

அன்புடையீர், வணக்கம்.

பற்றீரியாக்கள் நம் நிர்ப்பீடனத்துக்கு, அதாவது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலுக்கு, பிடிகொடாமல் உடலில் நிலைத்துவிடும் செயலுக்கு 'நிர்ப்பீடனத் தவிர்ப்பு' என்ற சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் கற்பிப்பவன் என்ற வகையில் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தவிர்ப்பவர் எதிரே வருபவரைக் கண்டு ஒதுங்கிப் போகிறவர். காசநோய்ப் பற்றீரியமோ தன்னை விழுங்க வரும் பெருந்தின்கலம் என்னும் நிர்ப்பீடனக் கலத்துக்குள்ளேயே புகுந்து, தன்னைச் சூழ்ந்த சிறுபை, செரிக்கும் நொதியங்கள் நிறைந்த இலைசோசோமுடன் இணையாதபடி தடுத்து, கொலைக்களத்தையே குடியிருப்பாக்கிக்கொள்கிறது.

'தப்புகை' என்ற மற்றொரு சொல்லோ லிஸ்டீரியா போன்ற சில பற்றீரியாக்களுக்கு மட்டும் அச்சொட்டாகப் பொருந்தும். லிஸ்டீரியா தன்னை அடைத்த பையின் மென்சவ்வைத் துளைத்து வெளியேறுகிறது. அச்சொல்லை அந்தச் செயலுக்கே விட்டுவிடலாம்.

என் பரிந்துரை 'நிர்ப்பீடன ஏய்ப்பு'. ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் பற்றீரியத்தின் மேற்பரப்பிலுள்ள 'ஏ' புரதம், கிருமிகளைப் பற்ற நம் உடல் ஆக்கும் புரதமான பிறபொருளெதிரியை அதன் தண்டுப் பகுதியில் பற்றிக்கொள்கிறது. கிருமிகளை விழுங்கும் தின்கலம் பிடிக்கவேண்டிய இடமும் அதுவே என்பதால், கத்தி நம்முடையதாக இருந்தும் அதன் கைப்பிடி எதிரியிடம் போய்விடுகிறது. வெட்டை நோயைத் தரும் பற்றீரியம் தன் மேற்பரப்புப் புரதங்களை அடிக்கடி மாற்றி, முன்பு உருவான பிறபொருளெதிரிகளைப் பயனற்றவையாக்குகிறது. இவற்றை ஏய்ப்பு என்னாமல் வேறென்ன என்பது?

அறிவற்ற நுண்ணுயிருக்கு வஞ்சக நோக்கத்தை ஏற்றுகிறோம் என்ற மறுப்பு எழும். மழை 'பொய்த்தது' என்று தயங்காமல் எழுதும் மொழியில் அது பெரிய இடர் அன்று. தமிழக நண்பர்கள் 'நோயெதிர்ப்பு ஏய்ப்பு' என்று வழங்கலாம். நாக்குச் சற்றே இடறும், அவ்வளவுதான்.

இச்சொல்லில் நான் எதிர்பாராத ஓர் ஊதியமும் உண்டு. தொல்காப்பிய உவமவியல் 'ஏய்ப்ப' என்பதை உவம உருபுகளுள் ஒன்றாகக் கூறுகிறது. அதாவது ஏய்த்தலுக்கு ஒத்திருத்தல் என்ற பழம்பொருளும் இருக்கிறது. தொண்டை அழற்சியை உண்டாக்கும் ஸ்ரெப்ரோகொக்கஸ் பயோஜெனஸ் என்னும் பற்றீரியத்தின் பல குலவகைகள் போர்த்திருக்கும் உறை, நம் உறுப்புகளை இணைத்துத் தாங்கும் தொடுப்பிழையத்தில் உள்ள அதே ஹயலூரோனிக் அமிலத்தால் ஆனது. நிர்ப்பீடனத்துக்கு அது அந்நியமாகத் தென்படுவதில்லை. நம்மை ஒத்திருந்து நம்மை ஏமாற்றும் இந்த உறையின் இரு பண்புகளையும் 'ஏய்ப்பு' என்ற ஒரே சொல் தாங்குகிறது. 'தவிர்ப்பு' இரண்டில் ஒன்றையும் தொடவில்லை.