கேத்லீன் ஃபெரியர்: ஓபரா பாடகி, ஆனால் இரண்டே ஓபராவா?

மூணரைக்கட்டை எழுதியது:

வணக்கம். கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டிருக்கிறேன். என் சுருதி மூணரைக் கட்டை. கூடப் படிக்கிற பெண்கள் எல்லாரும் ஐந்து, ஐந்தரை. "ஆம்பளைக் குரல்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன வாரம் யூடியூபில் ஏதோ தேடப்போய் 'ப்ளோ த விண்ட் சதர்லி' என்ற பாட்டு வந்து விழுந்தது. பக்கவாத்தியமே கிடையாது, ஒரு பெண் குரல் மட்டும். கனமான குரல், அதே சமயம் அலட்டலே இல்லை. பாடியவர் கேத்லீன் ஃபெரியர், இங்கிலாந்துக்காரர், 1949 பதிவு என்று போட்டிருந்தது.

தேடிப் பார்த்தால் புகழ்பெற்ற ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடகி என்கிறார்கள். அடுத்த வரியிலேயே மேடையில் நடித்தது இரண்டே ஓபராவில் என்றும் இருக்கிறது. 41 வயதில் இறந்துவிட்டதால் அப்படியா? இல்லை, குரல் ஓபராவுக்கு ஒத்துவரவில்லையா? எனக்கு மேற்கத்திய சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பிரெஸ்டன்_பெருமாள் எழுதியது:

வாங்கம்மா. வேலை நிமித்தம் லங்காஷயரில் குடியிருக்கிறவன் நான். ஃபெரியர் பிறந்த ஹையர் வால்டன், பிரெஸ்டனிலிருந்து பிளாக்பர்ன் போகிற வழியில் இருக்கிற பழைய பஞ்சாலை ஊர். பிறந்தது 1912 ஏப்ரல் 22. அப்பா பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர். சின்ன வயதிலேயே குடும்பம் பிளாக்பர்னுக்கு வந்துவிட்டது. இந்த ஊர்க்காரர் என்கிற பாசத்தில் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் முறையாகக் கற்றது பியானோ. பாட்டெல்லாம் வெகு நாள் கழித்துத்தான். 14 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு பிளாக்பர்ன் தபால் தந்தி அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் பயிற்சிக்குப் போனார். வேலை போக மிச்ச நேரம் பியானோ. 1928இல் டெய்லி எக்ஸ்பிரஸ் பத்திரிகை நடத்திய போட்டியில் வட்டார அளவில் ஜெயித்து ஒரு பியானோவையே பரிசாக வாங்கி வந்தார். அப்புறம் தபால் துறை, டெலிபோனில் மணி சொல்லும் சேவைக்காகத் தன் ஆபரேட்டர்களில் நல்ல குரலாகத் தேடியது. இவரும் போனார். இவரைத் தேர்ந்தெடுக்கவில்லை! உங்களை ஆம்பளைக் குரல் என்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

1935இல் ஒரு வங்கி மேலாளருடன் கல்யாணம். அது சரிப்படவில்லை, 1947இல் சட்டப்படி ரத்தானது. ஆனால் அந்தக் கணவரால் ஒரு நல்லது நடந்தது. 1937 கார்லைல் இசைப்போட்டியில் பியானோவுக்குப் பெயர் கொடுத்திருந்தவரிடம், "பாட்டுக்கும் பெயர் கொடுக்க உனக்குத் தைரியம் வராது" என்று ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார் மனிதர். இவர் இரண்டிலும் முதல் பரிசு வாங்கினார். அப்போது வயது 24. அதற்கப்புறம்தான் பாட்டைத் தீவிரமாகக் கற்க ஆரம்பித்தார்.

1942இல் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் மால்கம் சார்ஜென்ட் கேட்டுவிட்டு, லண்டனுக்கு வந்தால்தான் எதிர்காலம் என்று சொல்ல, அக்காவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு ஃப்ளாட்டுக்குக் குடிபோனார். உலகப்போர் நடுவே அரசு ஆதரவில் ஊர் ஊராகப் போய்ப் பாடியதுதான் அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம். ஆலைத் தொழிலாளர்கள் முன்னால் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூடப் பாடவேண்டும். அங்கே அலட்டினால் யார் கேட்பார்கள்? நீங்கள் சொன்ன அந்த 'அலட்டலே இல்லை' அங்கிருந்து வந்தது என்பது என் கட்சி.

1943 மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் ஹேண்டலின் 'மெசையா' என்ற பக்தி இசைப்படைப்பைப் பாடினார். கேட்டவர்களில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் ஒருவர். 1946இல் கிளைண்ட்போர்ன் ஓபரா அரங்கில் தன் 'லுக்ரீசியா' ஓபராவுக்கு அவர் இவரைத்தான் நாயகியாகப் போட்டார். அதுதான் முதல் ஓபரா மேடை. கையை எங்கே வைத்துக்கொள்வது, எப்படி நடப்பது என்று முதலில் தடுமாற்றம். இரண்டாவது, 1947இல் அதே இடத்தில் குளுக்கின் 'ஆர்ஃபியோ'. அவ்வளவுதான் பட்டியல். 'கார்மென்' ஓபராவைக்கூடக் கச்சேரி வடிவில், அதாவது நடிப்பில்லாமல், பாடியிருக்கிறார், அது அவருக்கு ஒட்டவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சீக்கிரம் இறந்தது பாதிக் காரணம்தான். ஃபெரியருடையது கான்ட்ரால்டோ, பெண் குரலில் மிகவும் கீழே இருப்பது. ஓபரா எழுதியவர்கள் காதலியை எல்லாம் மேல் ஸ்தாயிக்குக் கொடுத்துவிட்டு, இந்தக் குரலுக்கு அம்மா, பாட்டி, சூனியக்காரி என்று ஒதுக்கினார்கள். ஆர்ஃபியோ ஒரு விதிவிலக்கு. 1762இல் வியன்னாவில் அது காஸ்ட்ராட்டோ, அதாவது குரல் உடையாமல் இருக்கச் சிறு வயதிலேயே விரையடிக்கப்பட்ட ஆண் பாடகருக்காக எழுதப்பட்டது. அந்த வழக்கம் ஒழிந்த பிறகு தாழ்ந்த குரல் பெண்கள் ஆண் வேஷத்தில் பாடினார்கள். செத்துப்போன மனைவியைத் தேடிப் பாதாளத்துக்குப் போகிற பாடகன் வேஷம். அதிகம் ஓடியாடி நடிக்க வேண்டாம், நின்று பாடினால் போதும். ஃபெரியருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

மற்றபடி அவர் வாழ்ந்தது கச்சேரி மேடையில். முதல் எடின்பரோ விழா, 1947, இசையமைப்பாளர் மாலரின் 'பூமியின் பாட்டு', நடத்துநர் புரூனோ வால்டர். மாலரிடமே உதவியாளராக இருந்தவர் இந்த வால்டர். கடைசியில் 'என்றென்றும்' என்ற பொருளில் 'ஏவிக்' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடி அடங்கவேண்டும். இவரால் முடியவில்லை, தொண்டை அடைத்து அழுதுவிட்டார். முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனால், "நாங்களும் உன்னைப் போன்ற கலைஞர்களாக இருந்திருந்தால் எல்லாருமே அழுதிருப்போம்" என்றாராம் அந்தப் பெரியவர்.

டெசிபல்72 எழுதியது:

பெருமாள் சார், ஒரு மாற்றுக் கருத்து. எனக்கு ஃபெரியர் அரைமணி நேரத்துக்கு மேல் ஓடாது. எதைப் பாடினாலும் ஒரே இரங்கல் கூட்டம். குரல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வேகமாகப் போகவேண்டிய இடத்தில் கனம் இழுக்கிறது. இளம் வயதில் புற்றுநோயில் போனதால் ஊரே சேர்ந்து தெய்வமாக்கிவிட்டது என்று நினைக்கிறேன். அந்த மேடையில் எலும்பு முறிந்த கதையைச் சொல்லாமல் யாராவது இவரைப் பற்றிப் பேசியிருக்கிறார்களா?

மூணரைக்கட்டை எழுதியது:

மேடையில் எலும்பா? அது என்ன கதை?

பிரெஸ்டன்_பெருமாள் எழுதியது:

டெசிபல், வேகத்தைப் பற்றிச் சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஹேண்டலில் சில இடங்கள் இன்றைய காதுக்கு மெதுவாகத்தான் இருக்கும். அது அந்தக் கால வழக்கம். இரங்கல் கூட்டம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ஆள் பயங்கரக் குறும்பு. கடிதங்களில் தன்னையே 'க்ளெவர் காஃப்' என்று கிண்டலாகக் குறிப்பிட்டுக்கொள்வார். வெளியே சொல்லமுடியாத ஜோக்குகளுக்குப் பேர்போனவர். 1949இல் நியூயார்க்கில் ஒரு வீட்டு விருந்தில் பியானோ முன்னால் உட்கார்ந்து கூத்தடித்ததை யாரோ பதிவு செய்திருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், இரங்கலா கும்மாளமா என்று தெரியும்.

தங்கச்சி கேட்டதற்காக அந்தக் கதை. 1951 தொடக்கத்தில் அப்பா போனார். மார்ச்சில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது, ஏப்ரலில் அறுவை சிகிச்சை. சில வாரங்களில் மறுபடி மேடை. 1952 மே மாதம் வியன்னாவில் வால்டருடன் மாலர் பதிவு, நோயோடுதான் பாடினார். 1953 பிப்ரவரி 6, லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கம், அதே ஆர்ஃபியோ, 'ஆர்ஃபியஸ்' என்று ஆங்கிலத்தில். நடத்துநர் ஜான் பார்பிரோலி. முதல் நாள் அமோகம். அடுத்த வாரம் இரண்டாவது காட்சியில், பாடிக்கொண்டிருக்கும்போதே இடது தொடை எலும்பு விட்டுப்போனது. கதிர்வீச்சு சிகிச்சையும் நோயும் எலும்பை அரித்து வைத்திருந்தன. நகர முடியவில்லை. பாட்டை நிறுத்தவில்லை. கூட நடித்தவர்கள் புரிந்துகொண்டு, அவர் போகவேண்டிய இடங்களுக்குப் பதிலாக அவரை நோக்கித் தாங்கள் வந்தார்கள். சபைக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியவில்லை. கைதட்டலையும் நின்றே வாங்கிக்கொண்டு, பிறகு ஸ்ட்ரெச்சரில் ஆஸ்பத்திரிக்குப் போனார். மிச்சக் காட்சிகள் ரத்து. வெளியே மூட்டுவலி என்று சொல்லி வைத்தார்கள். அதற்குப் பிறகு மேடை ஏறவே இல்லை. அக்டோபர் 8இல் காலமானார்.

இந்தக் கதையைப் பேசாமல் விடமுடியாதுதான். ஆனால் டெசிபல், வால்டர் அவரைக் கொண்டாடத் தொடங்கியது 1947இல். அப்போது அவருக்கு ஒரு நோயும் கிடையாது.

ரெக்கார்டுப்பெட்டி எழுதியது:

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1952 அக்டோபரில் ஏட்ரியன் போல்ட் நடத்த, பாக், ஹேண்டல் ஆகிய இசையமைப்பாளர்களின் பாட்டுகளை டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடினார். மோனோ பதிவு. அவர் இறந்து சில வருஷம் கழித்து, 1960இல், அதே போல்ட்டும் அதே லண்டன் ஃபில்ஹார்மானிக்கும் பழைய நாடாவைக் காதில் கேட்டுக்கொண்டே வாத்தியப் பகுதியை மட்டும் புதிதாக ஸ்டீரியோவில் வாசித்து மேலே சேர்த்தார்கள். அசாத்திய வேலைதான். ஆனாலும் என் காதுக்குக் குரல் ஒரு அறையிலும் ஆர்கெஸ்ட்ரா இன்னொரு அறையிலும் இருப்பது போலத்தான் இருக்கிறது. மோனோவையே வாங்குங்கள்.

பிரெஸ்டன்_பெருமாள் எழுதியது:

வழிமொழிகிறேன். தங்கச்சி, கேட்க வேண்டிய வரிசை: முதலில் 'வாட் இஸ் லைஃப்', ஆர்ஃபியோவின் பெரிய பாட்டு, ஆங்கிலத்தில். பிடித்தால் 1951 ஆம்ஸ்டர்டாம் மேடைப் பதிவில் முழு ஓபரா இத்தாலியனில். அப்புறம் ரெக்கார்டுப்பெட்டி சொன்ன மோனோ பாக். மாலரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதி மட்டுமே கிட்டத்தட்ட அரைமணி நேரம், ராத்திரி ஹெட்ஃபோனில் கேட்பது உத்தமம்.

மூணரைக்கட்டை எழுதியது:

நன்றி அண்ணா. 'வாட் இஸ் லைஃப்' கேட்டாயிற்று. தம்பூரா ஆப்பில் மூணரையை வைத்துக்கொண்டு கூடவே முனகிப் பார்த்தேன். இடிக்கிறது, அவர் சுருதி வேறு. ஆனால் கீழே இறங்குகிற இடம் எல்லாம் எட்டுகிறது. ஆம்ஸ்டர்டாம் பதிவைத் தேடுகிறேன். டெசிபல் சார், உங்களுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஓடுகிற கான்ட்ரால்டோ யாராவது இருந்தால் பெயர் சொல்லுங்களேன், அவரையும் கேட்கிறேன்.