புதுப்பிப்பு: மூடுலில் இதயப் படத்தின் மேல் பெயர் பொருத்தும் கேள்வி (தீர்ந்தது)

உதவியவர்களுக்கு நன்றி. மூடுல் என்னும் இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இதயப் படம் போட்டு, பாகங்களின் பெயரை இழுத்துப் பொருத்தச் சொன்னால், பெயர்கள் விழவேண்டிய பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படத்தையே மறைக்கின்றன என்று கேட்டிருந்தேன்.

காரணம், பெயர்களை நாம் குழுக்களில் சேர்க்கிறோம்; ஒரே குழுவில் உள்ள பெட்டிகள் எல்லாம் அதில் மிக நீளமான பெயரின் அளவுக்கு விரிந்துவிடும். 'இடது வெண்ட்ரிக்கிள்' (இதயத்தின் இடது கீழறை) இருந்தால் 'பெருந்தமனி'க்கும் அதே அகலப் பெட்டிதான். பெயர்களை வேறு வேறு குழுவாகப் பிரித்தால் பெட்டி சிறிதாகிறது. ஆனால் எந்தப் பெயர் எங்கே என்று அகலமே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது 'டிராக் அண்ட் டிராப் மார்க்கர்ஸ்' கேள்வி வகைக்கு மாறச் சொன்ன யோசனை. மார்க்கர் என்பது மாணவர் இழுத்து வைக்கும், சிலுவைக்குறியுள்ள பெயர்ச்சீட்டு. இதில் படத்தின் மேல் பெட்டியே தெரியாது. சரியான இடத்தை நாம் எண்களால் குறிக்கிறோம்: வட்டம் என்றால் 210,180;25, அதாவது வட்டத்தின் மையம் இடமிருந்து 210, மேலிருந்து 180, ஆரம் 25 பிக்சல். வெண்ட்ரிக்கிள் போன்ற கோணல் வடிவத்துக்குப் பலகோணம்தான் சரி.

எதிர்பாராத ஒன்று: தேவைக்கு அதிகமாக மார்க்கர் வைத்தால் மதிப்பெண் குறைகிறது. மொத்தம் 4 இடம், மாணவர் 5 வைத்து 4 சரி என்றால் ஐந்தில் நான்குதான் கிடைக்கும். அப்புறம், மார்க்கரின் எழுத்து எங்கே நிற்கிறது என்பது கணக்கில்லை, அதன் சிலுவைக்குறி விழும் புள்ளியைத்தான் பார்க்கிறது. இதைக் கேள்வியிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.