ஏபிஎஸ் கவர் 100 டிகிரியில் வளைகிறது. மேலிமைடு கோபாலிமர் கலந்தால் நிற்குமா?

ஓசூர்_மோல்டர்:
வணக்கம். எங்களுடையது சின்ன இன்ஜெக்‌ஷன் மோல்டிங் யூனிட். வண்டி விளக்குக்குப் பின்னால் வரும் கறுப்பு ஏபிஎஸ் கவர் ஓட்டுகிறோம். இதுவரை 80 டிகிரி ஓவன் டெஸ்ட்தான், பிரச்சினை இல்லை. புது டிராயிங்கில் 100 டிகிரி, 4 மணி நேரம் என்று மாற்றிவிட்டார்கள். சாதாரண கிரேடு அதில் நிற்கவில்லை. கிளிப் இருக்கும் பக்கம் அதிகமாக முறுக்கிக்கொள்கிறது. பிசி-ஏபிஎஸ் (பாலிகார்பனேட் கலந்த ஏபிஎஸ்) போட்டால் நிற்கும், ஆனால் அந்த விலையை கஸ்டமர் தர மாட்டார். சூடு தாங்க வைக்கும் மேலிமைடு கோபாலிமர் பவுடர் தருகிறேன், ஹாப்பரிலேயே (மெட்டீரியல் கொட்டும் புனல்) கலந்து ஓட்டுங்கள் என்கிறார் ஒரு வியாபாரி. யாராவது ஓட்டியிருக்கிறீர்களா? எத்தனை சதவீதம் போட வேண்டும்?

பைப்_பிவிசி:
ஹீட் ஸ்டெபிலைசர் கொஞ்சம் கூட்டிப் பாருங்க அண்ணே. இல்லைன்னா 20% கிளாஸ் ஃபைபர்.

காம்பவுண்டிங்_ஆள்:
ஸ்டெபிலைசர் இந்த வேலைக்கு ஆகாது. பிளாஸ்டிக் கருகாமல், மஞ்சளாகாமல் பார்ப்பது அது. இவருக்குக் கருகவில்லை, இளகுகிறது. கிளாஸ் ஃபைபர் நைலானில் அதிசயம் செய்யும்: நைலான் 6-இன் எச்டிடி (எடை வைத்தால் வளையும் வெப்பநிலை) 65 டிகிரி பக்கத்திலிருந்து 200-ஐத் தாண்டிவிடும், ஏனென்றால் உள்ளே படிகம் இருக்கிறது. ஏபிஎஸ்ஸில் படிகமே கிடையாது. டிஜி என்ற இளகும் வெப்பநிலை வந்ததும் ஃபைபரைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கே தளர்ந்துவிடும். ஆகவே டிஜியை ஏற்றினால்தான் உண்டு.

ஏபிஎஸ் என்பது ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் (சுருக்கமாக சான்) நடுவே ரப்பர் துகள்கள். சூட்டில் தளர்வது அந்த சான்தான். டிஜி ஏறக்குறைய 105. ஃபினைல் மேலிமைடு சங்கிலியில் சேரும்போது அதன் வளையம் முதுகெலும்பிலேயே உட்கார்ந்துகொள்கிறது, சங்கிலி எளிதில் சுழலாது. அதனால் அந்த கோபாலிமரின் டிஜி 190-க்கு மேல் போகிறது. சானோடு கரைந்து ஒன்றாகும் கிரேடாக இருந்தால் மொத்தக் கலவையும் மேலே ஏறும். ஒன்றாகாவிட்டால் சான் தன் 105-லேயே தளர்ந்துவிடும், பாகமும் உடையும். சானில் உள்ள அக்ரிலோநைட்ரைல் அளவைப் பொறுத்த விஷயம் இது. அதைக் கேட்டால் பதில் சொல்லத் தெரியாத வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

கணக்கு: 100 கிலோ ஏபிஎஸ்ஸில் 20 கிலோ ரப்பர், 80 கிலோ சான் என்று வையுங்கள். 20 கிலோ பவுடர் சேர்த்தால் சான் பக்கத்தில் அதன் பங்கு 20%. கலவையின் டிஜியைக் கணிக்கும் ஃபாக்ஸ் சமன்பாட்டில் கெல்வினில் போட்டால் டிஜி 120 வருகிறது. உங்கள் 100 டிகிரிக்கு இந்த இடைவெளி போதும் என்பேன். ஆனால் ரப்பர் 20%-லிருந்து 17%-க்கும் கீழே போய்விட்டது, கிளிப்பை மாட்டும்போதே டக்கென்று ஒடியும். ரப்பர் அதிகமுள்ள கிராஃப்ட் பவுடரைக் கூடவே சேர்த்து ஈடுகட்ட வேண்டும். இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

அப்புறம் அந்த ஹாப்பர் கதை. 190-க்கு மேல் இளகும் பொருள் 230-ல் ஓடும் மோல்டிங் ஸ்க்ரூவில் சரியாக உருகிக் கலக்காது. கெட்டியான புள்ளிகளாக நிற்கும், பாகம் அங்கேதான் உடையும். ட்வின் ஸ்க்ரூ மெஷினில் 260 பக்கம் காம்பவுண்ட் செய்து (உருக்கிக் கலந்து) கிரானுல்ஸாக வாங்குங்கள். கலவை கொஞ்சம் மஞ்சளடிக்கும், கறுப்புப் பாகத்துக்கு அது தெரியாது.

ஓசூர்_மோல்டர்:
நன்றி சார். ஆல்ஃபா மெத்தில் ஸ்டைரீன் போட்ட ஹீட் கிரேடு ரெடிமேடாகக் கிடைக்கிறதே, அது விலை குறைவு. அது போதாதா?

காம்பவுண்டிங்_ஆள்:
100 டிகிரிக்குப் போதலாம், முதலில் அதைத்தான் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். ஆனால் பேரலில் (பிளாஸ்டிக் உருகும் குழாய்) சூடு மிஞ்சவிடாதீர்கள். ஆல்ஃபா மெத்தில் ஸ்டைரீன் தனக்குத் தானே சங்கிலியானால் அதன் சீலிங் டெம்பரேச்சர் 61 டிகிரிதான். அதற்கு மேல் மோனோமராக அவிழப் பார்க்கும். இடையிடையே அக்ரிலோநைட்ரைல் இருப்பதால்தான் தாங்குகிறது. மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் பேரலில் நிற்கும் மெட்டீரியல் அவிழ ஆரம்பிக்கும். திரும்பி வந்து அடிக்கும் ஷாட்டில் வாடையும் வெள்ளிக் கோடும்தான்.

இன்னொன்று. கிளிப் பக்கம் மட்டும் முறுக்குகிறது என்றால் மோல்டிலேயே உறைந்த ஸ்ட்ரெஸ்ஸும் சேர்ந்திருக்கிறது. மோல்டை 65-70 டிகிரிக்கு ஏற்றுங்கள், ஹோல்டிங் பிரஷரைக் குறையுங்கள். மெட்டீரியலை 80-ல் 3 மணி நேரமாவது காய வையுங்கள். இதையெல்லாம் செய்தாலும் சாதாரண கிரேடு 100-ல் நிற்காது. ஆனால் ஹீட் கிரேடு போட்ட பிறகும் இவை வேண்டும்.

பைப்_பிவிசி:
டேட்டா ஷீட்டில் விகாட் (ஊசி உள்ளே இறங்கும் வெப்பநிலை) 115 என்று இருந்தால் நம்பலாமா?

காம்பவுண்டிங்_ஆள்:
எந்த விகாட் என்று பாருங்கள். 10 நியூட்டன் எடையில் எடுத்த ஏ எண் எப்போதும் உயரமாக வரும். 50 நியூட்டனில் எடுத்த பி50 எண்ணைக் கேளுங்கள். எச்டிடி என்றால் 0.45 இல்லை, 1.8 மெகாபாஸ்கல் சுமையில் எடுத்த எண்ணைக் கேளுங்கள். சாம்பிளை அனீல் செய்தார்களா (முன்பே சூட்டில் வைத்து ஸ்ட்ரெஸ்ஸை இறக்கினார்களா) என்பதையும் கேட்டுவிடுங்கள், அதிலேயே எண் ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் நிறுவனமான சிப்பெட்டில் கொடுத்து நீங்களே டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாம்.