சதுர கூஃபி பிரிண்ட்: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

கார்த்தி: பாலஸ்தீன ஓவியர் கமால் புல்லாட்டாவோட ‘நூர் அலா நூர்’ (‘ஒளிக்கு மேல் ஒளி’, 1982) மாதிரி சதுர கூஃபியில, அதாவது கட்டம் கட்டமா எழுதற அரபு எழுத்துல, ஒரு ஸ்கிரீன் பிரிண்ட் (வலை வழியா மையைத் தள்ளி அச்சடிக்கறது) பண்ணப் போறேன். டைப் பண்ணி எடுத்த எழுத்து இது 👇 சரியா அத்தை?

[புகைப்படம்]

சித்ரா அத்தை: தப்புடா. எழுத்தெல்லாம் தனித்தனியா நிக்குது, இடமிருந்து வலமா வேற ஓடுது. அரபு தெரியாத சாஃப்ட்வேர் பண்ற வேலை இது. கிராஃப் பேப்பர் எடு.

சித்ரா அத்தை: கோடு ஒரு கட்டம், இடைவெளியும் ஒரு கட்டம். வளைவு, சாய்வு, புள்ளி எதுவும் கிடையாது.

கார்த்தி: புள்ளி இல்லாம நூனை (‘ந’ எழுத்தை) எப்படிக் கண்டுபிடிக்கறது?

சித்ரா அத்தை: சொல்லோட முதல்லயோ நடுவுலயோ வந்தா பா, தா, நூன், யா நாலும் ஒரே பல்லுதான், மேல நீட்டின குட்டிக் கோடு. முழுச் சொல்லை வெச்சுத்தான் பிடிக்கணும். அந்தத் திணறல்தான் படத்தோட பாதி சுகம்.

பெரிய மாமா: அதுக்காக எல்லாத்தையும் ஒரே கோடா இழுத்துடாத. அலிஃப், தால், ரா, வாவ் மாதிரி ஆறு எழுத்து அடுத்ததோட ஒட்டாது. நூர்ல நூனும் வாவும் சேரும், ரா தனி.

சித்தி: ‘நூர் அலா நூர்’ குர்ஆன் வரிதானே? புல்லாட்டா முஸ்லிமா?

சித்ரா அத்தை: 24ஆம் அத்தியாயம், 35ஆம் வசனம். ஆனா அவர் ஜெருசலேம் கிறிஸ்தவர், சின்ன வயசுல ஐகான் (கிறிஸ்தவப் புனிதர் படம்) வரையக் கத்துக்கிட்டவர். ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ங்கிற யோவான் வரியையும் 1983ல இதே கட்டத்துல அடைச்சிருக்கார்.

சித்தி: 👌

கார்த்தி: எழுத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பணுமா மாமா?

பெரிய மாமா: லினோ (செதுக்கற தகடு), மரக்கட்டை அச்சுன்னா திருப்பணும். ஸ்கிரீன்ல வேண்டாம். ஸ்க்வீஜீ (மையைத் தள்ளற ரப்பர் பட்டை) இழுக்கிற பக்கம் இருந்து பார்த்தா நேராத் தெரியணும், அவ்வளவுதான். ஸ்கிரீன்ல எழுத்தை ஒளியால பதிக்கற ஃபிலிமை மாத்தி வெச்சா மொத்த ஸ்கிரீனும் போச்சு.

பெரிய மாமா: 90டி மெஷ் (செ.மீ.க்கு 90 இழை உள்ள வலை) எடு. மெஷ்ஷுக்கும் பேப்பருக்கும் 3 மி.மீ. விடு. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், வெளிர் நிறம் முதல்ல. அடர் நிறம் வெளிர் நிறத்து மேல 0.5 மி.மீ. ஏறட்டும், இல்லேன்னா நடுவுல வெள்ளைக் கோடு இளிக்கும். இராக் ஓவியர் ஷாகிர் ஹசன் அல் சயீத் பாணிச் சுவர்க் கீறல்னா விலகினாலும் அழகு. இங்க கட்டத்துல அரை மில்லி தப்பினாலே அசிங்கம்.

கார்த்தி: ரெண்டாவது நிறம் ஓரத்துல மட்டும் விலகுது?

பெரிய மாமா: பேப்பர் ஈரம் குடிச்சு நீண்டிருக்கும். அச்சடிக்கிற ரூம்லயே ஒரு நாள் முன்னாடி பிரிச்சு வை. மூலையில அட்டை முட்டு மூணு ஒட்டு.

சித்ரா அத்தை: ஃபிலிம் எடுக்கறதுக்கு முன்னாடி கிராஃபை இங்க போடு. ரா எங்க நிக்குதுன்னு பார்த்துடறேன்.