விண்டோஸ் ஒரு விடை, லினக்ஸ் வேறு விடை: எதை நம்புவது?

ஆய்வக எலி: துறையில் 14 கணினிகள் இரவெல்லாம் சும்மா கிடக்கின்றன, 9 விண்டோஸ், 5 லினக்ஸ். இரட்டை ஊசல் (ஒரு ஊசலின் நுனியில் இன்னொரு ஊசல்) கணக்கை ஒரே சி நிரலாக எல்லாவற்றிலும் ஓடவிட்டேன். தொடக்கத்தில் விடைகள் ஒத்துப்போகின்றன. போகப்போக ஊசல் இடப்பக்கம் என்கிறது விண்டோஸ், வலப்பக்கம் என்கிறது லினக்ஸ்.

ஒற்றைமரம்: பேசாமல் 14-லும் லினக்ஸைப் போடுங்கள். கூட்டல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் எல்லாம் கடைசி பிட் வரை எப்படி வரவேண்டும் என்று கணினியின் தசம எண் கணக்குக்கான ஐஇஇஇ 754 தரம் கட்டாயப்படுத்துகிறது. சைன், கொசைனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு கணித நூலகமும் தன் போக்கில் முழுமையாக்கும், அதாவது கடைசி பிட்டைத் தோராயமாக்கும். போதாக்குறைக்கு 64 பிட் விண்டோஸில் சி மொழியின் ‘லாங்’ முழு எண் வகை 4 பைட், லினக்ஸில் 8.

கலப்படம்: எல்லாம் ஒரே ரகமானால் ஒரே தப்பை 14-ம் ஒற்றுமையாகச் செய்யும், நமக்குத் தெரியவே தெரியாது. 1996 முதல் மெர்சென் பகா எண்களை (2-இன் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்கள்) ஆர்வலர்களின் கணினிகளில் தேடும் ஜிம்ப்ஸ் திட்டத்தில் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் உண்டு. 2024 அக்டோபரில் அறிவித்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். வேறு வேறு மென்பொருளில், வேறு வேறு வன்பொருளில் சோதித்த பிறகுதான் அறிவித்தார்கள்.

ஒற்றைமரம்: அது முழு எண் கணக்கு ஐயா. பெரிய எண்களைப் பெருக்க அவர்கள் பயன்படுத்தும் ஃபூரியர் உருமாற்றத்தில் தசமப் பிழை வந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அருகிலுள்ள முழு எண்ணுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பிழை அரைக்குக் கீழே இருந்தால் சுவடே தெரியாது. ஊசலில் அதை யார் துடைப்பது? அங்கே பிழை வட்டிக்கு வட்டி போட்டு வளரும். இதற்காகவே, ஆர்வலர்களின் கணினிகளுக்குக் கணக்குகளைப் பகிர்ந்து தரும் பாயிங்க் (BOINC) மென்பொருளில், ஒரு வேலையின் நகல்களை ஒரே வகைக் கணினிகளுக்கு மட்டும் அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது.

கலப்படம்: சரி, என் உதாரணம் பொருந்தவில்லை. ஆனால் அதே பாயிங்கில் ஓடும் எல்எச்சி அட் ஹோம்? செர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் 27 கிமீ துகள் முடுக்கி வளையத்தில் துகள்களை லட்சக்கணக்கான சுற்றுகள் கணினியில் ஓட்டிப் பார்க்கும் அதன் சிக்ஸ்டிராக் நிரல், இந்த ஊசலுக்கு அண்ணன். அவர்கள் விண்டோஸை விரட்டவில்லை. சைன், கொசைனைச் சரியாக முழுமையாக்கும் சிஆர்லிப்எம் நூலகத்தை நிரலோடு சேர்த்துக் கட்டினார்கள்.

ஆய்வக எலி: நேற்று அதைச் செய்தேன். அப்படியும் 3 லினக்ஸ் கணினிகள் தனிவழி போயின. பார்த்தால், அவற்றில் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) பெருக்கலையும் கூட்டலையும் எஃப்எம்ஏ என்று ஒன்றாக்கி ஒரே தடவை முழுமையாக்குகிறது. அதை நிறுத்தியதும் 14-ம் ஒரே விடை!

ஒற்றைமரம்: ஒரே விடை, சரி. சரியான விடையா? கால இடைவெளியைப் பாதியாக்கி ஓட்டுங்கள்.

ஆய்வக எலி: ஓட்டினேன். 14-ம் ஒற்றுமையாக இப்போது மறுபக்கம் போகின்றன.