யூபா சிட்டி பஞ்சாபிகள்: ஸ்பானிஷ் பெயரும் சிங் என்ற கடைசிப்பெயரும் எப்படிச் சேர்ந்தன?

கார்த்திக் (சாக்ரமெண்டோ)

எங்கள் டீமில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறார். முதற்பெயர் ஸ்பானிஷ், கடைசிப்பெயர் சிங். கேட்டால், "கொள்ளுத்தாத்தா ஜலந்தர் பக்கம், கொள்ளுப்பாட்டி மெக்சிகோ" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறார், ஆனால் தன்னைப் பஞ்சாபி என்றுதான் சொல்கிறார். இன்னொரு டீமில் இருக்கும் சர்தார்ஜியும் இவரைப் போலவே வட கலிஃபோர்னியாவின் யூபா சிட்டிக்காரர்தான். அவரிடம் விசாரித்தால், "அவங்க எங்க ஆளுங்க கிடையாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இது என்ன கதை? அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

தேன்மொழி (யூபா சிட்டி)

கார்த்திக், நான் இங்கே தோட்டக்காரக் குடும்பங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். பீச், வால்நட், ப்ரூன் போட்டிருக்கும் பஞ்சாபிகள்தான் பாதிக்கு மேல். அந்த சர்தார்ஜி சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. இந்த ஊரில் அவருக்கு முன்னால் வழி போட்டு வைத்தவர்களே அவர் ஒதுக்குகிற அந்தக் குடும்பங்கள்தான்.

1900களின் தொடக்கத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஜலந்தர், ஹோஷியார்பூர் பக்கத்து விவசாயிகள். பலர் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர்கள். மர அறுவை ஆலை, ரயில் பாதை, பிறகு வயல் என்று கிடைத்த வேலையைச் செய்தார்கள். 1907இல் வாஷிங்டன் மாநிலத்து பெல்லிங்ஹாமில் ஒரு கும்பல் அவர்களை அடித்து ஊரைவிட்டே துரத்தியது. அவர்களில் பெரும்பாலோர் சீக்கியர்கள், ஆனால் ஊர்க்காரர்கள் எல்லாரையும் "ஹிந்து" என்றுதான் கூப்பிட்டார்கள். 1917 குடியேற்றச் சட்டம் வந்த பிறகு ஊரிலிருந்து மனைவியைக்கூட அழைத்துவர வழியில்லை. வந்தவர்களோ கிட்டத்தட்ட எல்லாரும் ஆண்கள்.

கலிஃபோர்னியாவில் அப்போது வெள்ளையரும் மற்றவரும் கல்யாணம் செய்துகொள்ளத் தடை இருந்தது. கவுண்டி ஆபீஸ் எழுத்தர் எதிரே நிற்கிற இருவரையும் பார்த்து, ஒரே நிறம் என்று அவருக்குத் தோன்றினால்தான் உரிமம் கிடைக்கும். தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்கில், மெக்சிகோ புரட்சியிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் இவர்களுடைய வயலிலேயே பருத்தி பறித்துக்கொண்டிருந்தன. 1916, 17 வாக்கில் அந்தக் குடும்பத்துப் பெண்களோடு கல்யாணங்கள் தொடங்கின. அக்காவைக் கட்டியவரின் கூட்டாளி தங்கையைக் கட்டுவார், நிலத்தையும் சேர்ந்து குத்தகைக்கு எடுப்பார்கள். இப்படி 300க்கும் மேற்பட்ட குடும்பங்கள் கலிஃபோர்னியாவில் உருவாயின. பிள்ளைகள் அம்மாவோடு கத்தோலிக்க சர்ச்சுக்குப் போனார்கள், வீட்டில் ஸ்பானிஷ் பேசினார்கள்.

நிலத்தின் கதை இதைவிடக் கொடுமை. அமெரிக்கக் குடிமகனாகத் தகுதி இல்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று 1913இலேயே சட்டம். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்றது. திந்த் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவ உடையில், தலைப்பாகையோடு பணியாற்றியவர்! அதற்குப் பிறகு நிலத்தை நம்பிக்கையான வெள்ளைக்கார வக்கீல் பெயரிலோ, அக்கம்பக்கத்து விவசாயி பெயரிலோ வைத்துத்தான் பயிர் செய்தார்கள். இல்லாவிட்டால் இங்கே பிறந்த பிள்ளையின் பெயரில்.

என்னிடம் கணக்குப் பார்க்கும் ஓர் அம்மா, எண்பது தாண்டியவர், ஒரு கிரயப் பத்திரத்தைக் காட்டினார். வாங்கியவர் பெயர் இருக்கிற இடத்தில் அவருடைய அண்ணன் பெயர். பத்திரத்தின் தேதியில் அந்த அண்ணனுக்கு வயது மூன்று. "அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், ஆனால் போட இடம் கொடுக்கவில்லை" என்றார். அன்று அவர் வீட்டிலேயே சாப்பிட்டேன். கோதுமை ரொட்டி, ஹலப்பேன்யோ மிளகாய் போட்ட கோழிக்குழம்பு. அவருடைய அம்மாவுக்கு அப்பாவின் நண்பர்கள் கற்றுக்கொடுத்த பக்குவம்.

சேகர் (ஸ்டாக்டன்)

தேன்மொழி மேடம் நிலத்தைச் சொன்னார், நான் எங்கள் ஊரைச் சொல்கிறேன். அமெரிக்காவின் முதல் நிரந்தர குருத்வாரா 1912இல் ஸ்டாக்டனில்தான் தொடங்கியது. உருளைக்கிழங்கு பயிரிட்ட ஜ்வாலா சிங், வசாகா சிங் இரண்டு பேரும் முன்னின்று செய்தார்கள். பெர்க்லியில் இந்திய மாணவர்கள் படிக்க உதவித்தொகையும் ஜ்வாலா சிங் கொடுத்தார். அடுத்த வருஷம், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த கதர் கட்சி (கதர் என்றால் இங்கே துணி இல்லை, கலகம்). சான் ஃப்ரான்சிஸ்கோவில் அச்சான 'கதர்' பத்திரிகை வேலையில் இருந்த கர்த்தார் சிங் சராபா, பிரிட்டிஷாருக்கு எதிராகக் கலகம் செய்ய ஊருக்குத் திரும்பினார். 1915இல் லாகூர் சிறையில் அவரைத் தூக்கிலிட்டபோது வயது 19.

குருத்வாராவில் தரையில் உட்காருவதுதான் வழக்கம், ஆனால் ஒரு காலத்தில் இந்த குருத்வாராவில் நாற்காலி போட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பிற்பாடு வந்தவர்கள் அதை மாற்றினார்கள். அந்த மனஸ்தாபம் எளிதில் ஆறவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

கார்த்திக் (சாக்ரமெண்டோ)

நன்றி அக்கா, நன்றி சேகர் சார். அப்படியானால் "எங்க ஆளுங்க கிடையாது" என்பது அந்த நாற்காலி காலத்துப் பேச்சா?

தேன்மொழி (யூபா சிட்டி)

ஆமாம் தம்பி. 1946இல் லூஸ்-செல்லர் சட்டம் இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற வழி கொடுத்தது, இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று ஒதுக்கீடும் கொடுத்தது. அதற்காக அலைந்தவர்களிலும் பணம் திரட்டியவர்களிலும் இந்தப் பழைய ஆட்கள் இருந்தார்கள். குடியேற்றத்துக்குக் கதவைத் திறந்த 1965 சட்டத்துக்குப் பிறகு குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியவர்கள், முடி வெட்டிய தாத்தாவையும் ஸ்பானிஷ் பேசும் பேரனையும் பார்த்து முகம் சுளித்தார்கள். தலைப்பாகையை விட்டவர்கள் எந்த நிலையில் விட்டார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. தலீப் சிங் சௌந்த் பெர்க்லியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்தவர். அவருக்கும் தலைப்பாகை இல்லை, மனைவி செக் வம்சாவளி. 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் ஆசியர் அவர். அவரை மட்டும் "நம்ம ஆள்" என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். பருத்திக் காட்டில் பிள்ளை பெற்று, பிள்ளை பெயரில் நிலத்தைக் காப்பாற்றிய அம்மாக்களை ஏன் சொல்வதில்லை? எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நவம்பர் முதல் ஞாயிறு எங்கள் ஊர் நகர் கீர்த்தன், அதாவது சீக்கியர்களின் பக்தி ஊர்வலம். உங்கள் டீம் நண்பரையும் அந்த சர்தார்ஜியையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு வாருங்கள். டியெரா புவேனா சாலை குருத்வாராவிலிருந்து ஊர்வலம் புறப்படும். வழி நெடுக மேசை போட்டு பக்கோடா, ஜிலேபி, டீ கொடுப்பார்கள், யாரிடமும் காசு வாங்க மாட்டார்கள். காலையிலேயே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அந்த அம்மாவிடமும் சொல்லி வைக்கிறேன். உங்கள் நண்பரின் கொள்ளுப்பாட்டி குடும்பம் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.