மாணவர் மின்தொகுப்பில் படங்கள் தெரிகின்றன; காணொலியும் பிடிஎஃப்பும் பெற்றோருக்குத் திறக்கவில்லை

கேள்வி: அறிவியல் ஆசிரியை, 7ஆம் வகுப்பு

அனைவருக்கும் வணக்கம். என் வகுப்பு மாணவர் 32 பேருக்கும், இணையதளம் அமைக்க உதவும் கூகுள் சைட்ஸில் மின்தொகுப்பு (மாணவரின் படைப்புகளைத் திரட்டி வைக்கும் இணையப் பக்கங்கள்) செய்து வருகிறேன். 13 வயது நிறையாத பிள்ளைகள் பெற்றோர் துணையின்றிக் கூகுள் கணக்குத் தொடங்க இயலாது என்பதால், பள்ளி கொடுத்த கணக்குகளிலிருந்தே அவர்கள் கோப்புகளை கூகுளின் இணையச் சேமிப்பகமான டிரைவில் ஏற்றினார்கள். வளரறி மதிப்பீட்டுக்காக (பாடம் நடக்கும்போதே செயல்பாடுகள் வழியே செய்யும் மதிப்பீடு) செய்த செயல்பாடுகளின் படங்கள், செய்முறைக் காணொலி, கையால் எழுதி ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஆகியவை ஆளுக்கொரு பக்கமாக உள்ளன. என் மடிக்கணினியில் எல்லாம் சரியாகத் திறக்கின்றன. ஆனால் தளத்தின் இணைப்பைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியபோது, படங்கள் மட்டுமே தெரிவதாகவும் மற்ற இடங்களில் அனுமதி கேட்கும் செய்தி வருவதாகவும் சொல்கிறார்கள். அன்றிரவே 19 அனுமதிக் கோரிக்கைகள் என் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டன. எல்லாவற்றையும் நீக்கி மறுபடி சேர்த்தும் பயனில்லை. சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதற்குள் சரிசெய்ய வழி சொல்லுங்கள்.

பதில்: கணினிப் பயிற்றுநர்

டீச்சர், குறை பக்கத்தில் இல்லை. எத்தனை முறை நீக்கிச் சேர்த்தாலும் இப்படியேதான் வரும். சைட்ஸில் படத்தைச் சேர்க்கும்போது அதன் நகல் தளத்துக்குள்ளேயே போய்விடுகிறது. டிரைவிலிருந்து சேர்க்கும் காணொலியும் பிடிஎஃப்பும் அப்படிப் போவதில்லை. டிரைவில் யாருக்கு அனுமதி இருக்கிறதோ அவருக்கு மட்டுமே தளத்திலும் திறக்கும். நீங்கள் உங்கள் கணக்கில் உள்நுழைந்தபடியே பார்ப்பதால் உங்களுக்குக் குறை தெரியவில்லை. குரோமில் மறைநிலைச் சாளரம் (உங்கள் கணக்கில் உள்நுழையாத தனிச் சாளரம்) திறந்து அதே இணைப்பைப் போட்டுப் பாருங்கள், பெற்றோர் காண்பது அப்படியே தெரியும்.

டிரைவில் ஒரு கோப்புறையை உருவாக்கி, இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று அதன் பகிர்வை மாற்றி, கோப்புகளை அதற்குள் நகர்த்துங்கள். கோப்புறையின் அனுமதி உள்ளே இருப்பவற்றுக்கும் வந்துவிடும். நகர்த்துவதால் கோப்பின் முகவரி மாறாது. ஆகவே பக்கங்களைத் தொடவே வேண்டியதில்லை.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மறைநிலையில் பார்த்ததும் புரிந்தது. 28 பக்கங்கள் சரியாகிவிட்டன. நான்கு மட்டும் இன்னும் அடம் பிடிக்கின்றன. அந்த நால்வரின் கோப்புகளும் அதே கோப்புறைக்குள்தான் இருக்கின்றன.

கணினிப் பயிற்றுநர்

கோப்பின் படக்குறியில் ஒரு சிறிய வளைந்த அம்பு தெரிகிறதா? தெரிந்தால் அது கோப்பு அன்று, வேறிடத்தில் உள்ள கோப்பைக் காட்டும் குறுக்குவழி. கோப்புறையின் அனுமதி குறுக்குவழியைத் தாண்டி மூலக் கோப்புக்குப் போகாது. மூலக் கோப்பைத் திறந்து நகலெடுத்து, அந்த நகலைக் கோப்புறையில் வையுங்கள். நகல் புதிய கோப்பு என்பதால், இந்த நான்கு பக்கங்களில் மட்டும் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும்.

பதில்: தமிழாசிரியர், மேல்நிலைப் பள்ளி

திறக்கும் வழி கிடைத்தது மகிழ்ச்சி. ஆனால் அம்மா, 32 பிள்ளைகளின் முகமும் பெயரும் குரலும் ஒரே இணைப்பில் இருப்பதும், அந்த இணைப்பு ஒரு வாட்ஸ்அப் குழுவில் கிடப்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. அது இனி எந்தக் குழுவுக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவர்களது தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் செய்வது இது: பொதுத் தளத்தில் பெயரும் முகமும் இல்லாத படைப்புகளை மட்டும் வைத்துவிட்டு, ஆளுக்கொரு கோப்புறை அமைத்து, அதன் இணைப்பை அந்தப் பெற்றோருக்கு மட்டும் தனியே அனுப்புகிறேன். 32 கோப்புறைகளையும் உள்ளடக்கிய தாய்க் கோப்புறையை மட்டும் மறந்தும் பகிராதீர்கள். பகிர்ந்தால் உள்ளே இருப்பவை அத்தனையும் திறந்துவிடும்.

உங்களுடைய ஆசிரியர் தொகுப்பை, அதாவது பாடத்திட்டம், கற்பித்தல் துணைக்கருவிகள், பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றை, உங்கள் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பணியிடம் மாறும்போது பள்ளிக் கணக்கு மூடப்பட்டால் அதிலுள்ளவையும் போய்விடும்.

கேட்டவர்

குழுவிலிருந்த இணைப்பை நீக்கி, தளத்தின் வெளியீட்டையும் நிறுத்திவிட்டேன். கோப்புறைகளைத் தனித்தனியே பிரித்து வருகிறேன். இன்னொரு சந்தேகம். ஒரு மாணவன் பிளாஸ்டிக் பாட்டிலில் மணல், கூழாங்கல், அடுப்புக்கரி போட்டு நீர் வடிகட்டி செய்தான். முதல் காணொலியில் தண்ணீர் மையைப் போலக் கறுப்பாக வடிகிறது. இரண்டாவதில் தெளிவாக வருகிறது. முதலாவதை எடுத்துவிடச் சொல்லி அவன் அம்மா கேட்கிறார்.

தமிழாசிரியர்

தெளிந்த நீரை மட்டும் வைத்தால் அது கண்காட்சிப் பொருள். அவன் கற்றது கறுத்த நீரில்தான் இருக்கிறது. ஆயினும் தொகுப்பு அவனுடையது. அவனையே முடிவு செய்யவிட்டு, எதை வைத்தாலும் ஏன் வைத்தான் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அதை அவன் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள்.

கேட்டவர்

இரண்டையும் வைத்துக்கொண்டான். முதல் காணொலியின் கீழே அவன் எழுதியது: “கரியைக் கழுவாமல் போட்டேன். தூள் எல்லாம் தண்ணீரோடு வந்துவிட்டது. மறுநாள் ஐந்து முறை கழுவினேன்.” அம்மா சம்மதித்துவிட்டார். நான்கு பக்கங்களின் கோப்புகளும் இப்போது மறைநிலையில் திறக்கின்றன.